வீட்டிலும் வயலிலும் உள்ள விஷங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் இடையே அமைந்த வாசுதேவநல்லூர்ப் பிரதேசத்தில் நெல், கரும்பு, தென்னை, எலுமிச்சை, பருத்தி ஆகிய பயிர்கள் அனைத்தும் சாகுபடியாகின்றன. பயிர்கள் பலவாகவே அவற்றைத் தாக்கும் பூச்சிகளும் நோய்களும் பல. அவற்றை ஒழிக்கும் பொருட்டுக் குடியானவர் வாங்கி வரும் புட்டிகளும் பொட்டலங்களும் பல. இவை யாவற்றுக்கும் தமிழில் 'மருந்து' என்ற ஒரே பெயர் வழங்கி வருகிறது. பூச்சி மருந்து, களை மருந்து, எலி மருந்து என்கிறோம். வயலில் தெளிப்பதை 'மருந்து அடித்தல்' என்கிறோம். பிணி தீர்ப்பதற்கு உரிய அழகிய சொல் ஒன்று உயிர் போக்கும் வஸ்துவுக்கும் இடப்பட்டுவிட்டமையால், அதன் மீது இருக்க வேண்டிய அச்சம் குறைந்து போயிற்று. காய்ச்சல் மாத்திரை வைக்கும் மாடத்திலேயே பூச்சி மருந்துப் புட்டியும் வைக்கப்படுவதை எத்தனையோ வீடுகளில் காணலாம்.

விஷம் என்பது யாது? சில பொருள்கள் இயற்கையிலேயே விஷம், மற்றவை விஷமல்ல என்று எண்ணுவது முழுதும் சரியன்று. பெரும்பாலும் அளவே ஒரு பொருளை விஷமாக்குகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியோர் சொல்லி வந்ததை ரஸாயன சாஸ்திரமும் ஒப்புக்கொள்கிறது. இதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. உரக்கடை யூரியாவே போதும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால், சத்தற்ற வைக்கோல் மாடு விரும்பித் தின்னும் நல்ல தீனியாகிறது. அதே யூரியா கரைத்த வாளியை வரப்பில் வைத்துவிட்டு உழவர் அப்பால் சென்ற வேளையில், தாகத்துடன் வந்த எருது அதைக் குடித்துவிடுமாயின், சிறிது நேரத்திற்குள் வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, நடுக்கங் கண்டு வீழ்ந்துவிடும். அசை போடும் பிராணிகளின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. சிறிது சிறிதாக உண்டானால் அந்த அம்மோனியாவையே அவை சத்தாக மாற்றிக்கொள்ளும். ஒரேயடியாக உண்டானால் அது இரத்தத்தில் கலந்து பிராணனைப் போக்கிவிடும். காலியான யூரியாச் சாக்கை மாடு நக்குவதும், அச்சாக்கைத் தொட்டியில் அலசுவதும் இக்காரணத்தாலேயே ஆகாதவை. இவ்வாறு நேர்ந்த பிராணிக்குக் கால்நடை வைத்தியர் காடியைக் குளிர்ந்த நீருடன் புகட்டுவது வழக்கம். ஆனால் அவர் வந்து சேரும் வரை பிழைத்திருக்கும் மாடுகள் சொற்பம்.

மானாவாரி நிலங்களில் சோளம் விதைப்போர் மற்றொரு விஷத்தை அறிந்திருத்தல் அவசியம். இளஞ்சோளப் பயிரில் ஒரு பொருள் இருக்கிறது. மாடு அதை மெல்லும்போது அப்பொருள் சிதைந்து ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய விஷத்தை வெளியிடுகிறது. மழை பொய்த்து வாடி நின்ற பயிரிலும், வாட்டத்தின் பின் மழை கண்டு திடீரெனத் துளிர்க்கும் பயிரிலும், அறுவடையான தாளின் அடியிலிருந்து கிளம்பும் மறுதாம்பிலும் இவ்விஷம் மிகுதி. வாடிய பயிர்தானே, மாடாவது தின்னட்டும் என்று எண்ணி அவிழ்த்து விடுவதே பெரும்பாலான நஷ்டங்களுக்குக் காரணம். பயிர் பூக்கும் பருவத்தை அடைந்த பின் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அறுத்து நன்றாக வெயிலில் காய வைத்த தட்டையிலும் அது குறைவே. மாட்டின் மூச்சு இரைத்து, இரத்தம் வழக்கத்தினும் பளிச்சென்ற சிவப்பாகத் தோன்றினால் இவ்விஷமே என்று ஐயுறலாம். இதற்குச் சோடியம் நைட்ரைட்டு, சோடியம் தயோசல்பேட்டு என்னும் மாற்று மருந்துகள் உண்டு. இவற்றை ஊசி மூலம் ஏற்ற வேண்டியவர் கால்நடை வைத்தியரே. மரவள்ளியிலும் இவ்விஷமே இருக்கிறது. கிழங்கைத் தோல் நீக்கி, நறுக்கி, நன்றாக வேக வைத்து, வெந்த நீரைக் கொட்டிவிட்டு உண்பது நம் வீடுகளில் வெகு காலமாக உள்ள நல்ல வழக்கம். ஆனால் சீவிய தோலைப் பச்சையாக ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுவது அதே வீடுகளில் உள்ள தீய வழக்கம்.

எலுமிச்சைத் தோப்புக்கு ஆமணக்கம் புண்ணாக்கு இடுவோர் அதை எருவாக மட்டுமே கருதுதல் வேண்டும். ஆமணக்கு வித்தில் உள்ள விஷம் எண்ணெயில் இறங்குவதில்லை. ஆகையால் விளக்கெண்ணெய் குழந்தைக்கும் கொடுக்கத் தக்கதாக இருக்கிறது. செக்கிலிருந்து வெளிவரும் புண்ணாக்கிலோ அவ்விஷம் முழுவதும் தங்கிவிடுகிறது. எள்ளுப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு மூட்டைகளோடு இதையும் ஒரே கொட்டடியில் அடுக்கி, இரவில் தீனி வைக்கும் ஆள் மூட்டை மாறி எடுத்துவிட்டால் தொழுவமே காலியாகும். மூட்டைக்கு அடையாளம் இடுவதற்கு ஒரு துண்டுச் சிவப்புத் துணி போதுமானது.

வேலியோரத்துச் செடிகளைப் பற்றியும் சிறிது சொல்லுதல் தகும். பொற்கொல்லர் நிறைக்குப் பயன்படுத்திய குன்றிமணி, முழுதாக விழுங்கப்பட்டால் அதன் கெட்டித் தோலினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்துத் தின்றாலோ, துளையிட்டுக் கோத்த மணியைக் குழந்தை சப்பினாலோ மரணம் நேரலாம். சென்ற நூற்றாண்டுகளில் தோலுக்காக மாடுகளைக் கொல்வோர் குன்றிமணியை அரைத்துக் கூரிய முள்ளாக உருட்டி மாட்டின் உடலில் குத்திவிடும் கொடுமை இந்தியாவில் பல இடங்களில் நடந்தது. தமிழ்நாட்டின் அரசு மலரான செங்காந்தளின் கிழங்கு காண்பதற்கு வள்ளிக் கிழங்கைப் போலிருக்கும். அதில் உள்ள கால்ச்சிசின் என்னும் பொருளே வாத ரோகத்திற்கு மருந்தாகவும், அளவு மீறினால் யமனாகவும் ஆகிறது. அரளியின் எல்லா உறுப்புகளும், சிறப்பாக மஞ்சளரளியின் வித்து, இருதயத்தின் துடிப்பைக் கெடுப்பவை. ஊமத்தை மயக்கத்தையும் பிதற்றலையும் உண்டாக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். இச்செடிகளை எல்லாம் வெட்டி ஒழிப்பது இயலாத காரியம், அவசியமும் இல்லை. பள்ளிக்கூடத்து வேலியிலும் குழந்தைகள் விளையாடும் முற்றத்திலும் இவை வேண்டாம், அவ்வளவே.

செடிகளினால் ஏற்படும் சாவு சிறு பங்கு. பெரும் பங்கு கடையில் வாங்கி வரும் விஷங்களால், அதிலும் அவற்றை வைக்கும் முறையால் ஏற்படுவது. 2013-ம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி பீஹாரில் சாரண் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு உண்ட பிள்ளைகளில் 23 பேர் மாண்டனர். சமைத்த எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சி மருந்து கலந்திருந்தது பரிசோதனையில் வெளிப்பட்டது. முன்பு அம்மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாகத் தெரிந்தது. நமக்கு மலைக்கு அப்புறத்திலுள்ள கேரளத்தில் 1958-ல் நிகழ்ந்ததும் இதைப் போன்றதே. கோதுமை மாவு முதலிய ஆகாரப் பொருள்களுடன் ஒரே கப்பலில் ஏற்றி வந்த பாரத்தியான் மருந்து கசிந்து மாவில் கலக்க, அதை உண்டு நூற்றுக்கு மேற்பட்டவர் இறந்தனர். அந்த விபத்தின் பேரில் நடந்த விசாரணைகளின் பயனாகவே 1968-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. கடைக்காரர் லைசென்சு பெறுவதும், புட்டியில் சீட்டு ஒட்டுவதும், மருந்தை ஆகாரப் பொருளோடு சேர்த்து ஏற்றலாகாது என்பதும் அச்சட்டத்தையும் அதன் விதிகளையும் ஒட்டி வந்தவை.

கப்பலில் நேர்ந்தது வீட்டிலும் நேரும். அரை லிட்டர் மருந்து வாங்கிக் கால் லிட்டரை அண்டை வயற்காரருக்குக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பது கிராமங்களில் சர்வ சாதாரணம். அவர் அதைத் தண்ணீர்ப் பானையின் அருகே வைப்பார். வெயிலில் விளையாடி வந்த சிறுவன் எடுத்துக் குடிப்பான். அவன் மேல் குற்றம் சொல்ல இடமில்லை, ஏனெனில் அந்தப் புட்டியில் இருந்தது பானம் என்றே அவனுக்கு உலகம் கற்பித்திருக்கிறது. ஆகவே மருந்தை அது வந்த புட்டியினின்று வேறு எதற்கும் மாற்றலாகாது. அயலாருக்குக் கொடுக்க நேர்ந்தால் அவருடைய தெளிப்பானிலேயே, அவருடைய வயலிலேயே, வேண்டிய அளவு நீரில் கலந்து கொடுக்கலாம்.

புட்டியின் சீட்டில் சதுரம் ஒன்று மூலை முனையில் நிற்பது போல் அச்சிட்டு, அதனைக் குறுக்கே இரண்டு முக்கோணமாகப் பிரித்திருப்பார்கள். கீழ் முக்கோணத்தின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். சிவப்பு அதிகொடிய விஷம், மஞ்சள் கொடிய விஷம், நீலம் நடுத்தரம், பச்சை சொற்பம். பரிசோதனைச் சாலையில் எலிகளுக்கு மருந்தைப் புகட்டி, அவற்றுள் பாதி மாள எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டு இந்நிறங்களை வகுத்திருக்கிறார்கள். எழுத்தறியாத கூலியாளும் அறிந்துகொள்ளத்தக்க ஏற்பாடு இது. ஆயினும் இதன் பொருளை அவருக்குச் சொல்லிக் கொடுப்பவர் அரிது. மற்றொன்றும் நினைவிருத்தல் வேண்டும். நிறம் முழு உண்மையையும் சொல்லிவிடாது. பாராகுவாட்டு என்னும் களை மருந்து மஞ்சள் முக்கோணம் உடையதேயாயினும், அதனை அருந்தியவருக்குக் கொடுக்க மாற்று மருந்து இன்றளவும் இல்லை. நுரையீரல் நாளுக்கு நாள் இறுகி மூச்சு முட்டும்.

விஷம் வாய் வழியாகவே உட்புகும் என்பது பரவலான தவறான எண்ணம். பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சி மருந்துகள் தோலின் வழியாகவும் கண்ணின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் புகும். நம் உடலில் நரம்பு தசைக்கு இடும் கட்டளையைக் கொண்டு செல்லும் ஒரு பொருளும், வேலை முடிந்தவுடன் அதைக் கலைத்துவிடும் மற்றொரு பொருளும் உள்ளன. இம்மருந்துகள் கலைக்கும் பொருளைச் செயலற்றதாக்குகின்றன. கட்டளை ஓயாமல் நீடிக்கவே, வாயில் உமிழ்நீர் பெருகும், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும், தசைகள் துடிக்கும், நெஞ்சில் சளி நிறைந்து மூச்சுத் திணறும். பூச்சி சாவதும் இவ்வாறே. மனிதர் சாவதும் இவ்வாறே. 2017-ல் மஹாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வருஷம் செடி ஆள் உயரத்திற்கு வளர்ந்திருந்தமையால், தெளித்தது முகத்திலும் மார்பிலும் விழுந்தது. தென்காசிச் சீமையில் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று எத்தகையது என்பதை யாவரும் அறிவர். அக்காற்றை எதிர்த்து நின்று தெளிப்பவர் பயிருக்குத் தெளிப்பதைவிடத் தமக்கே மிகுதியாகத் தெளித்துக்கொள்கிறார். காற்று அடங்கிய காலை வேளையில், காற்றின் போக்கில் நடந்து, உடல் முழுதும் மூடும் சட்டையும் கையுறையும் முகமூடியும் அணிந்து தெளிப்பதே தகும். அடைத்துக்கொண்ட குழாய் முனையை வாயால் ஊதும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லவே கை நடுங்குகிறது. வேலை முடிந்ததும் சோப்பு இட்டுக் குளித்து, அவ்வுடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். அதைத் துவைப்பவர் வீட்டுப் பெண்மணி என்பதையும் மிராசுதார்கள் நினைக்க வேண்டும்.

எலி விஷங்களில் பற்பசை போன்ற குழலில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் பசை மிகவும் வஞ்சகமானது. முதல் நாள் வாந்தி கண்டு பின் நோயாளி தெளிந்துவிடுவார். வீட்டார் ஆபத்து நீங்கிற்று என்று மகிழ்ந்து அழைத்துச் சென்றுவிடுவர். மூன்றாம், நான்காம் நாளில் மஞ்சட்காமாலை தோன்றும்போது ஈரல் கெட்டுப் போயிருக்கும். தமிழக அரசு இப்பசையைத் தடை செய்தது. எங்கேனும் பழைய குழல் கிடந்தால் அதை வைத்திருப்பது தகாது. தானியத்தில் இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து ஈரக்காற்றுப் பட்டவுடன் கொடிய வாயு எழும். அம்மாத்திரையைச் சாதாரண மக்களுக்கு விற்பதற்கே அனுமதி இல்லை. படுக்கும் அறையில் நெல் மூட்டைகளை அடுக்கி அதனிடையே இதை வைத்து, குடும்பத்தோடு உறங்கி, விழிக்காமற் போனவர்கள் உண்டு.

இனிச் சொல்ல வேண்டியது வருத்தமான விஷயம். கிராமங்களில் பூச்சி மருந்தினால் இறப்பவர்களில் பெரும்பாலோர் தவறுதலாக அருந்தியவர் அல்லர். கடன், சச்சரவு, அவமானம் முதலியவற்றால் மனங் கலங்கிய ஒரு நாழிகையில் கைக்கு எட்டிய புட்டியை எடுத்தவர்களே. இவர்களுட் பலர் உயிரை விட்டே தீர வேண்டும் என்று நெடுநாள் எண்ணியவர் அல்லர் என்றும், பிழைத்து எழுந்தவர்கள் பெரும்பாலும் வாழவே விரும்புகிறார்கள் என்றும் வைத்தியர்கள் கூறுகின்றனர். ஆகையால் அந்த ஒரு நாழிகையில் புட்டி கைக்கு எட்டுமா எட்டாதா என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் 1995-ல் மானோகுரோட்டோபாஸையும் மெத்தமிடோபாஸையும், 1998-ல் எண்டோசல்பானையும் தடுத்தனர். பத்து வருஷத்திற்குள் அத்தீவில் தற்கொலை பாதியாகக் குறைந்தது, விளைச்சலோ குறையவில்லை. தமிழக அரசும் 2023-ம் வருஷத் தொடக்கத்தில் மானோகுரோட்டோபாஸ், அசிபேட்டு, குளோர்பைரிபாஸ் முதலிய ஆறு மருந்துகளை 60 நாட்களுக்குத் தடுத்தது. மாகாண சர்க்கார்களுக்குச் சட்டம் அளித்த அதிகாரம் குறுகிய காலத்திற்கே ஆதலால் தடையும் குறுகியதாயிற்று. அதே வருஷம் செப்டம்பரில் மத்திய அரசு மானோகுரோட்டோபாஸ் 36 சதவீதத் திராவகத்தை ஓராண்டுக்குப் பின் விலக்க ஆணையிட்டது. இருப்பினும், அரசாங்கம் செய்வது எப்போதும் தாமதமாகவே வரும்; பூட்டு இன்றே போடலாம். வீட்டுக்கு வெளியே, மோட்டார் அறையிலோ தனிக் கொட்டகையிலோ ஒரு பெட்டியில் பூட்டி, சாவியை ஒருவரே வைத்துக்கொள்வதும், ஒரு தெளிப்புக்கு வேண்டிய அளவுக்கு மேல் வாங்காதிருப்பதும் எவருக்கும் இயலும். மனக்கலக்கம் உற்றவர் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம் என்பதைக் கிராம அதிகாரிகள் சாவடிகளில் எழுதி வைக்கலாம்.

விஷம் அருந்தியவரைக் கண்டவுடன் செய்யத்தக்கவை சில, செய்யத்தகாதவை பல. உப்பு நீர், புளிக்கரைசல், சாணிக்கரைசல் புகட்டி வாந்தி எடுப்பிக்கும் வழக்கம் நிற்க வேண்டும். மயங்கியவரின் வாயில் ஊற்றியது மூச்சுக் குழலில் இறங்கும்; மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கரைத்த மருந்து வாந்தியோடு நுரையீரலில் புகுந்தால் இரண்டாவது விஷமாகும். நனைந்த உடையைக் களைந்து, தோலைச் சோப்பிட்டு நிறைய நீரால் கழுவி, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 வண்டியை அழைக்க வேண்டும். கழுவுகிறவர் வெறுங் கையால் தொடாதிருத்தல் நலம். எல்லாவற்றினும் முக்கியமாக, குடித்த மருந்தின் புட்டியையோ சீட்டையோ தவறாமல் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். பாஸ்பரஸ் மருந்துக்கு அட்ரோபின் என்னும் மாற்று மருந்து உண்டு. வேறு பல விஷங்களுக்கு அது பயன்படாது. எந்த விஷம் என்று அறியாத வைத்தியர் இருட்டில் தேடுகிறவரைப் போன்றவர். போலீஸ் விசாரணைக்கு அஞ்சிப் புட்டியை மறைத்து, வயிற்று வலி என்று பொய் சொல்லி, தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் அலைந்து காலம் போக்குகிறவர்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தும் காலம் போய்விட்டது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன நெருக்கடிக்கு உள்ளானவராகவே கொண்டு, தண்டனைக்கு உட்படாதவர் என்று வகுத்திருக்கிறது.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு இன்னும் இரண்டு. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப் பன்றியைக் கொல்ல விஷம் கலந்த தீனி வைப்பதும், மயிலுக்கு அஞ்சி விதையில் விஷம் தோய்த்து இறைப்பதும் 1972-ம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அத்தீனியை முதலில் தின்பது பெரும்பாலும் ஊர் நாயும் மேய்ச்சல் ஆடுமே. மற்றொன்று மெத்தனால். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது இதுவே. வாசனையாலும் ருசியாலும் சாராயத்தினின்று இதைப் பிரித்தறிய முடியாது. உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் கெடுத்துப் பின் உயிரைப் போக்கும். மறுநாள் கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால், உடன் குடித்தவர் யாவரையும் நலமாகத் தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

காலிப் புட்டிகளை வாய்க்காலில் எறிவதும், கழுவி எண்ணெய் வைப்பதும், பழைய சாமான் வியாபாரிக்கு விற்பதும் ஆகா. மருந்து தீர்ந்தவுடன் புட்டியை மூன்று முறை நீர் விட்டுக் குலுக்கி, அந்த நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிட வேண்டும். பின்னர் மறுபடி எவரும் எதற்கும் பயன்படுத்த முடியாதபடி புட்டியின் அடியைத் துளைத்து, கிணற்றுக்கும் குளத்துக்கும் தொலைவான மேட்டு நிலத்தில் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.